மேலும் ஒரு பட்டம்: முடிவெடுக்கும் முன்...

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற கல்வி ஆலோசனைக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

இன்று நம் மஹல்லாவில் பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. மகன் பி.இ. முடித்துவிட்டான், எம்.இ. படிக்க வைப்பதா, சபருக்கு அனுப்புவதா? இன்னொரு வீட்டில் பி.எஸ்ஸி. முடித்த பிள்ளை பொறியியலில் சேர விரும்புகிறான், சேர்க்கலாமா? இது மாணவனின் கேள்வி மட்டுமன்று. வளைகுடாவில் இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வேண்டிய தந்தையின் கேள்வி. நகையைக் கழற்றித் தர வேண்டிய தாயின் கேள்வி. நிக்காஹ் தள்ளிப்போகும் சகோதரியின் கேள்வி.

கல்வியில் போதும் என்ற எல்லையை நம் மார்க்கம் வகுக்கவில்லை. ஜும்ஆ நாளில் நாம் ஓதும் கஹ்ஃப் சூராவில், நபி மூஸா (அலை) அவர்கள் நபியாக இருந்தும், தம்மிடம் இல்லாத ஒரு கல்வியைத் தேடிப் பயணம் புறப்பட்ட வரலாறு வருகிறது. யாரிடம் செல்கிறோம், எதைக் கற்கச் செல்கிறோம் என்பதை அறிந்தே அவர்கள் புறப்பட்டார்கள். பயனளிக்காத கல்வியை விட்டு நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியதையும் நாம் அறிவோம். எனவே நோக்கம் தெளிவாக வேண்டும்.

நம் காலத்து உதாரணம் ஒன்று உண்டு. இராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் 1954இல் இயற்பியல் பட்டம் பெற்றார்கள். தம் இலட்சியத்திற்கு உரியது பொறியியலே என்பதை அதன் பின்னரே உணர்ந்து, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர விழைந்தார்கள். அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையாரிடம் அவ்வளவு பணம் இல்லை. சகோதரி ஜோஹரா அவர்கள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கக் கொடுத்தார்கள். அவற்றைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பதென்று கலாம் அவர்கள் உறுதி பூண்டு, உதவித்தொகை பெறுவதற்காகக் கடுமையாகப் படித்தார்கள்.

படிப்பு முடிந்தவுடன் எண்ணியதெல்லாம் கைகூடிவிடவில்லை. விமானப்படைத் தேர்வில் ஒன்பதாவது இடம் வந்தது. எடுக்கப்பட்டவர்களோ எட்டுப் பேர். ஆயினும் கற்ற கல்வி கைவிடவில்லை. 1980இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிலைநிறுத்தியபோது, அத்திட்டத்தின் இயக்குநர் அவர்களே. 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்கள்.

இதைக் கேட்டு, எல்லா வீட்டிலும் நகையைக் கழற்றிவிடலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். காவிரிப் பாசன விவசாயி மேட்டூரின் நீர் இருப்பைக் கேட்டறிந்தே, குறுவைக்கு உரிய குறைந்த வயது நெல்லா, சம்பாவுக்கு உரிய நீண்ட வயது நெல்லா என்று முடிவு செய்கிறார். அடுத்த வயல்காரர் விதைத்தார் என்பதற்காக, கடைமடையில் தண்ணீர் வராத ஆண்டில் அவர் நீண்ட வயது நெல்லை விதைப்பதில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, நாம் விரும்பும் பணிக்கு இப்பட்டம் அவசியமா? பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக பி.இ.யுடன் எம்.இ.யும் வேண்டும், ஆராய்ச்சிக்கும் அது வழியாகும். கட்டுமானத் தளப் பணி போன்றவற்றிலோ, இரண்டாண்டுப் படிப்பைவிட இரண்டாண்டு அனுபவமே பல வேளைகளில் மதிக்கப்படுகிறது.

இரண்டாவது, இது ஆர்வமா, ஒளிவிடமா? வேலை கிடைக்காத வெட்கத்தை மறைக்கவும், திருமணச் சந்தையில் மதிப்பை உயர்த்தவும் படிப்பது, குடும்பத்தார் வியர்வைக்குச் செய்யும் துரோகம். உண்மை ஆர்வமுள்ளவர் முதலில் கேட் தேர்வு எழுதட்டும். அதன் மதிப்பெண் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். தேர்ச்சி பெற்று அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரம் படிப்போருக்கு, விதிகளுக்கு உட்பட்டு மாத உதவித்தொகையும் உண்டு. கணிதம் பயின்ற பி.எஸ்ஸி. பட்டதாரி, பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது.

மூன்றாவது, செலவு யாருடையது? அவர்கள் மனம் ஒப்பினார்களா? வீட்டாரை அமர்த்தி மஷூரா செய்யுங்கள். சகோதரியும் அதில் இருக்கட்டும். அவளுடைய நகை அவளுடைய சொத்து. பின்னர் இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களே! வட்டி ஹராம் என்று மிம்பரில் நாம் சொல்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு, வங்கிக் கடனுக்கும் அடகுக் கடைக்கும் பிள்ளைகளை அனுப்பி வைப்பது முறையாகாது. தகுதியுள்ள ஏழை மாணவ, மாணவியருக்கு பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லா அழகிய கடன் வழங்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். வேலையில் அமர்ந்தபின் அவர்கள் திருப்பித் தரும் பணம் அடுத்த பிள்ளையின் கட்டணமாகும். கலாம் அவர்களுக்கு ஒரு சகோதரி இருந்தார்கள்; அத்தகைய சகோதரி இல்லாத பிள்ளைக்கு ஜமாஅத்தே உறவாக நிற்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், அவர்களுக்காக உழைக்கும் பெற்றோருக்கு நீடித்த ஆயுளையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.