வயல் தண்ணீர் போய்ச் சேரும் இடம்

இன்றைக்கு உங்களிடம் கடலைப் பற்றிப் பேசப் போகிறேன். "நெல்லு போடுகிறவனுக்குக் கடல் என்னத்துக்கு?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தூத்துக்குடி தொடங்கி இராமேசுவரம் வரைக்கும் கரையோரமாக 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-ல் அரசு அறிவித்தது. 1989-ல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. அங்கே பவளப்பாறை உண்டு, கடல்புல் உண்டு, அந்தப் புல்லை மேய்கிற கடல்பசு உண்டு. பவளப்பாறையும் கடல்புல்லும் மீன் குஞ்சுகளுக்கு நாற்றங்கால் மாதிரி. நாற்றங்கால் கெட்டால் நடவு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னாளில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அது நின்றுவிட்டது. ஆனால் கரையிலிருந்து வருகிற கெடுதல் நிற்கவில்லை. மண் கலங்கி வந்தால் பாறைக்கு வெயில் கிடைக்காது. உரச்சத்து வந்தால் பாசி பெருகிப் பாறையை மூடிவிடும். 2019-ல் மண்டபம் பக்கம் நுண்ணுயிர்கள் பெருகிக் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. அதற்கு உரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கடல் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நம் பழையாறு மணக்குடியில் கடலில் சேருகிறது. அந்தப் பூங்கா நமக்குத் தூரம்தான், ஆனால் மணக்குடிக் காயல் நம்முடையது. அங்கேயும் மீன் குஞ்சு வளருகிறது, கண்டல் செடி நிற்கிறது. வழியிலுள்ள சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் நாம் வயலிலிருந்து வடிக்கிற தண்ணீர் ஓடையும் சானலும் வழியாக இங்கெல்லாம்தான் போகிறது.

அதோடு போவது உங்கள் காசுதான் ஐயா! யூரியா போட்ட மறுநாள் மடையைத் திறந்துவிட்டால், கடைக்காரருக்குக் கொடுத்த பணத்தை ஓடையில் விட்ட கணக்கு. ஆகவே இவற்றைக் கவனியுங்கள்.

மேலுரம் போடுமுன் நிற்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள். போட்டபின் மூன்று நாலு நாள் மடையை அடைத்து வையுங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் உரம் போடாதீர்கள். யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போட்டால் சத்து மெதுவாகக் கரையும், பயிருக்குச் சேரும். மொத்தமாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். வரப்பில் நண்டு வளை இருந்தால் அடையுங்கள்.

மருந்தடித்த பம்பைச் சானலில் கழுவவே கூடாது. காலி டப்பாவைக் குளத்தில் எறியக் கூடாது. என்டோசல்பான் 2011-ல் தடை செய்யப்பட்டது. அது மீனுக்குக் கொடிய விஷம். பழைய பாட்டில் வீட்டில் கிடந்தால் எடுத்து அடிக்காதீர்கள், வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள்.

நம் சோற்றுக்குக் குழம்பு கடலிலிருந்து வருகிறது. மீன்காரர் உழைப்பும் நம் உழைப்பும் ஒரே தண்ணீரில்தான் நிற்கிறது. மடையை அடைக்கும்போது மணக்குடியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.