அரசு மருத்துவமனையில் துணைக்கு ஓர் ஆள்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நமக்குச் சொந்தமான இடத்தில் நாமே ஒரு மருத்துவமனை கட்டினால் என்ன என்று கேட்டார்கள். நல்ல நிய்யத்தோடு கேட்ட கேள்வி. அதைப் பற்றி யோசித்து வந்து பேசும்படி நிர்வாகிகள் என்னிடம் சொன்னார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு மருத்துவமனை ஏற்கெனவே இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நிற்கும் அரசு தாலுகா மருத்துவமனைதான் அது. அங்கே நம் மக்களுக்கு இல்லாதது வேறொன்று.

அது என்ன என்பதை ஒரு மனு எனக்குக் காட்டிக்கொடுத்தது. கூலி வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்தார். மனைவிக்கு நடு இரவில் வலி கண்டு, தனியார் மருத்துவமனையில் சேர்த்து, அறுவை சிகிச்சையில் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மனைவியின் நகை அடகுக்குப் போய்விட்டது. அதற்கு மேலும் பாக்கி. "பெரியாஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அங்க யாரைப் போய்ப் பார்க்கிறதுன்னு தெரியலை பாய். இங்க வாசல்லயே வாங்கன்னு கூப்பிட்டாங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. அறுவை சிகிச்சை ஆனாலும் இல்லை. மருந்து, இரத்தம், உணவு எதற்கும் பணம் இல்லை. 2011 முதல் மத்திய அரசின் திட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஏழைக் குடும்பமாக இருந்து, கர்ப்பத்தை முதல் மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்திருந்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. அதில் 14,000 ரொக்கம். மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். கைக்குப் பணம் வர வேண்டிய இடத்தில், அந்தத் தம்பி நகையை இழந்து நின்றார். காரணம், வாசலில் "வாங்க" என்று சொல்ல ஆள் இல்லை. அவ்வளவுதான்.

நாம் அவருக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவினோம். உதவியதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணம் நம் கையில் அமானிதம். இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்கு அதைச் செலவழித்தால், வேறு வழியே இல்லாத ஒரு விதவைக்கோ அநாதைக்கோ அது குறைகிறது. மனுக்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு என் மனதை அறுக்கிறது.

இனி, நாமே கட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கிராமப்புற மருத்துவத்தில் ஒரு வரிசை இருக்கிறது. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு 30 படுக்கை கொண்ட சமுதாய நல மையம் என்பது அரசு வகுத்த அளவு. அதற்கு மேலே மாவட்டத் தலைமை மருத்துவமனை. கீழே முடியாததை மேலே அனுப்புவார்கள். 108 வண்டி இந்த இடங்களையெல்லாம் இணைக்கிறது.

நாம் கட்டினால் இந்த வரிசையில் எங்கே நிற்போம்? ஒரு பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் கடிபட்டவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். பக்கத்தில் டாக்டர் நிற்க வேண்டும். மூச்சு திணறினால் செயற்கைச் சுவாசம், சிறுநீரகம் பாதித்தால் டயாலிசிஸ். இரவு இரண்டு மணிக்கும் இது தயாராக இருக்க வேண்டும். கட்டடம் எழுப்பிவிடலாம். மூன்று ஷிப்டுக்கும் டாக்டர், செவிலியர் வைக்க நம்மால் ஆகுமா? கடைசியில் காலையும் மாலையும் ஊசி போடும் கிளினிக்காகத்தான் அது முடியும். அப்படி முடிந்த நல்ல முயற்சிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

(நடுவில் ஒரு வார்த்தை. பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தைப் போக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.)

அரசு மருத்துவமனையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டம் அதிகம். சில நாள் சிறப்பு மருத்துவர் இருப்பதில்லை. சில இடங்களில் பேச்சு கடுமையாக இருக்கும். எனக்கும் அது நடந்திருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கேட்கத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் தனியாருக்குப் போய்விட்டோம். கேட்கத் தெரியாதவர்கள் மட்டும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். பிறகு குறை எப்படித் தீரும்? "இலவச மருந்து கேட்காது" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் தரம் பார்த்த பிறகுதான் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அதைப் பார்த்துவிட்டு வேறு மாநிலங்களும் இதே முறையை எடுத்துக்கொண்டன.

ஆகவே என் கோரிக்கை மூன்று.

முதலாவது, துணைக்கு ஆள். நாளொன்றுக்கு ஓர் ஆண், ஒரு பெண். வாரம் ஏழு நாளுக்கு 14 பேர் வேண்டும். தலைமை மருத்துவரிடம் முறையாக அனுமதி பெற்று, வருபவர்களுக்கு ஓ.பி. சீட்டு போட்டுத் தருவது, ஸ்கேன் அறையைக் காட்டுவது, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு வருமானச் சான்று வாங்க வழி சொல்வது, இவைதான் வேலை. அந்த அட்டையில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இரவில் பிரசவ வலி என்று அழைப்பு வந்தால், போனை எடுக்க ஒருவர். யார் வந்தாலும் உதவ வேண்டும். நம் ஜமாஅத்தா என்று கேட்கக் கூடாது. ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. ஊழியர்களோடு சண்டைக்கும் நிற்கக் கூடாது. குறை இருந்தால் எழுதிக் கொடுப்போம்.

இரண்டாவது, இரத்தம். 18 வயதுக்கு மேல், 45 கிலோ எடைக்குக் குறையாமல், ஆரோக்கியமாக இருப்பவர் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை. பெருநாளைக்கு ஒரே நாளில் நூறு பேர் கொடுப்பதை விட, ஆண்டு முழுக்க அழைத்தால் வரக்கூடிய நூறு பேரின் பட்டியல் மருத்துவமனைக்குப் பயன்படும். இரத்தம் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும் பொருள் அல்ல, சில வாரங்கள்தான்.

மூன்றாவது, நாமே அங்கே போவது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு நம் வீட்டுப் பெரியவர்களை ஒரு மாதம் அங்கே அழைத்துப் போய்ப் பாருங்கள். நீங்கள் வரிசையில் நின்றால், உடைந்த பெஞ்சும் தண்ணீர் வராத குழாயும் உங்கள் கண்ணில் படும். பிறகு நோயாளர் நலச் சங்கத்தில் நாம் எழுந்து பேச முடியும். தேவையானால் செலவில் பங்கும் எடுக்கலாம்.

கட்டடத்துக்கென்று யாராவது தொகை எண்ணி வைத்திருந்தால், அந்த எண்ணத்துக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும். இன்று நான் கேட்பது பணமல்ல. வாரத்தில் அரை நாள். வெளியே மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. 14 வரி போட்டு வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை என் நாள். ஜும்ஆ நேரத்துக்கு மட்டும் ஒருவர் வந்து மாற்றிவிட்டால் போதும்.

நகையை அடகு வைத்த அந்தத் தம்பி நேற்றே வந்து இரண்டாவது வரியில் எழுதிவிட்டுப் போனார். மீதி 12 வரி காலியாக இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், நீங்கள் வீட்டுக்குப் போவதற்குள் அவை நிரம்பிவிடும் என்று நம்புகிறேன்.