மாத்திரையிலிருந்து ஊசிக்கு

(அமிர்திப் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் பேசியது)

இந்தக் கூட்டத்தில் கற்றல் விளைவுகளைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இன்று என் உடம்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன். இங்கே சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் கை தூக்குங்கள் என்று சொன்னால் யாரும் தூக்க மாட்டீர்கள் என்று தெரியும். நானும் தூக்கியிருக்க மாட்டேன்.

எனக்கு 36 வயதில் சர்க்கரை வந்தது. 11 வருடம் மாத்திரையிலேயே ஓட்டினேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்கானது. போன வருடம் மூன்று மாதச் சராசரி 10.8 என்று வந்தது. மருத்துவர் இன்சுலின் எழுதினார். சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தவள் இரண்டு மாதம் எடுக்கவே இல்லை. எங்கள் பெரியப்பாவுக்கு ஊசி ஆரம்பித்த அதே வருடம் காலை எடுத்தார்கள். ‘ஊசி வந்தால் கால் போகும்’ என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அவர் காலில் புண் வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஊசி வேண்டாமென்று தள்ளிப்போட்டவர் என்பதை யாரும் பேசுவதில்லை.

சர்க்கரை வந்து வருடங்கள் போகப் போக, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே வரும். பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது வருடம் நடந்த பெரிய ஆய்வு இதைக் காட்டியது. சில மாத்திரைகள் கணையத்தைத் தூண்டும், சில மாத்திரைகள் இருக்கிற இன்சுலினை உடம்பு சரியாகப் பயன்படுத்த உதவும். கிணறு வற்றிய பிறகு பெரிய மோட்டார் வைத்து என்ன பயன்? வெளியிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பத்தாம் வகுப்புக்கு நாளமில்லாச் சுரப்பிகள் நடத்துகிற எனக்கே இது உறைக்க இரண்டு மாதம் ஆனது!

ஊசி வலிக்கவில்லை. கொசுக்கடி அளவுதான். கஷ்டப்படுத்தியது கணக்கு. நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் வருவது 100 யூனிட். 100 யூனிட்டுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். ஒருமுறை என் கணவர் ஆரஞ்சு மூடி வாங்கிவந்துவிட்டார். அதில் 20 கோடு வரை 40 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், 50 யூனிட் போய்விடும். உயிருக்கே ஆபத்து. வாங்கும்போது பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்த மருந்து வீண். கரண்ட் போனால் ஈர மணல் போட்ட மண்பானையில், தண்ணீர் புகாத கவரில் சுற்றி நிழலில் வைக்கிறேன். பால்போல் கலங்கிய மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. இவற்றை எல்லாம் இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் செய்யவில்லை. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் போனபோது கழிப்பறையில் நின்றுகொண்டு போட்டேன்.

ஆகஸ்டில் ஒரு நாள். ஊசி போட்டு அரைமணியில் சாப்பிட வேண்டும். பஸ் முன்னதாகவே வந்துவிட்டது. பள்ளிக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று ஏறிவிட்டேன். போனதும் ஏதோ பதிவேடு கேட்டார்கள், டப்பா பையிலேயே இருந்தது. இரண்டாம் பாடவேளையில் வியர்த்து ஊற்றியது, கை நடுங்கியது. காரணமில்லாமல் பிள்ளைகளைக் கத்தினேன். அவர்கள் நான் கோபமாக இருப்பதாக நினைத்து அமைதியாக உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வழியாகப் போன சத்துணவு சமையல் அக்காதான் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவும் ஊசி போடுபவராம். கால்மணி நேரத்தில் சோதித்தபோதே 74தான் இருந்தது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108.

அன்று மாலையே ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் சொன்னேன். செய்தி ஊருக்குள்ளும் போனது. நான்காம் நாள் ஒரு தாய் வந்தார். காலை ஆறு மணிக்கு ஷூ கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவர், அன்று ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவர் மகனுக்கு டைப் 1 சர்க்கரை. இவனுக்கு மாத்திரைக் காலமே கிடையாது, முதல் நாளிலிருந்தே ஊசிதான். ‘நோய்க்காரப் பிள்ளை’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து மறைத்திருந்தார். மதிய ஊசியை அவன் கழிப்பறையில் நின்று போட்டுக்கொள்வானாம். சில நாள் போடாமலே இருந்துவிடுவானாம்.

வகுப்பில் அடிக்கடி ஒன்றுக்குப் போகக் கேட்டதற்காக அந்தப் பையனைப் பலமுறை நிற்க வைத்தவள் நான். சர்க்கரை ஏறினால் அப்படித்தான் ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற சர்க்கரை நோயாளி லியோனார்ட் தாம்ப்சன், 14 வயதுப் பையன். அதற்கு முன் இந்தப் பிள்ளைகளுக்குப் பட்டினியைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் டைப் 1 மாணவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக அனுமதித்தது. வகுப்பறையில் ஒரு பிஸ்கட்டுக்கும் ஒன்றுக்குப் போவதற்கும் அனுமதி தர எந்த ஆணையும் வேண்டாம். அது நம் கையில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் திடீரென மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி வெளியே போகும் பிள்ளை இருந்தால் அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம்.

இப்போது அவன் மதிய உணவுக்கு முன் ஆசிரியர் அறைக்கு வந்து, உட்கார்ந்து போட்டுக்கொள்கிறான். ஊசிகளைப் போட மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறோம், மேசை இழுப்பறையில் சர்க்கரையும் இருக்கிறது. போன வாரம் என் வயிற்றில் ஒரு பக்கம் கட்டிபோல் இருக்கிறதென்று கணித ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிஞ்சில் அளவு பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, “ஒரே எடத்துல போட்டா அப்படித்தான் மிஸ் ஆகும். அங்க மருந்தும் சரியா ஏறாது. தினம் எடம் மாத்துங்க” என்றான்.