நட்பும் அரிசியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வல்லரசாகிய அமெரிக்காவோடு நட்புப் பூண்ட சிறிய நாடு, தன் அயல்நாட்டுக் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ள இயலுமா? எஞ்சினோடு பிணைத்த பெட்டி, எஞ்சின் செல்லும் தடத்தில்தான் செல்லும். நாடுகளும் அவ்வாறுதானா? விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்டை நாடாகிய இலங்கையின் வரலாறே போதும்.

1950களின் தொடக்கத்தில் இலங்கையை ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சி, பொதுவுடைமையை எதிர்த்தது. மேல்நாடுகளின் நட்பை நாடியது. 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஜப்பானிய சமாதான மாநாட்டுக்குச் செல்ல இந்தியா மறுத்தது. இலங்கையோ சென்று கையொப்பமிட்டது. 1954இல் இந்தோசீனப் போருக்குப் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் தன் மண்ணில் இறங்கவும் இசைந்தது.

இவ்விரண்டுக்கும் இடையே, 1952இல், ஓர் இக்கட்டு நேர்ந்தது. கொரியப் போரால் உயர்ந்திருந்த ரப்பர் விலை வீழ்ந்தது; அரிசி விலையோ ஏறியது. ரப்பரை விற்று அரிசி வாங்கும் நாடு என் செய்யும்? அமெரிக்காவோடு நடத்திய பேச்சு பயன் தரவில்லை. சீனத்திடம் அரிசி இருந்தது. அதற்கு ரப்பர் வேண்டியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வாணிப அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங்கில் உடன்படிக்கை செய்தார். ஐந்தாண்டுக் காலம், ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி பெறுவது என்பது அதன் சாரம்.

பொதுவுடைமை நாடுகளுக்குப் போர்த்தளவாடப் பொருள்களை விற்போருக்கு உதவி இல்லை என்பது அமெரிக்கா 1951இல் இயற்றிய சட்டம். அதன்படி 1956 வரை இலங்கைக்குப் பொருளுதவி கிட்டவில்லை. எனினும் இலங்கை உடன்படிக்கையைக் கைவிடவில்லை. அது புதுப்பிக்கப்பெற்று 1982 வரை நீடித்தது. அரிசி வாங்கியதால் கருத்தையும் விற்றுவிடவில்லை. 1955இல் பாண்டுங் மாநாட்டில், சீனப் பிரதமர் சூ என்லாய் கலந்துகொண்ட அவையிலேயே, கிழக்கு ஐரோப்பா மீதான சோவியத் ஆதிக்கத்தைக் கொத்தலாவலை கண்டித்தார்.

இதனால் நாம் அறிவது யாது? நட்பு என்பது கருத்தில் உடன்படுவது. அடுப்பின் சாவியை ஒப்படைப்பதன்று. ஒப்படைக்க மறுப்பவன் அதற்குரிய விலையைக் கொடுக்கவும் துணிய வேண்டும். அணிசேரா நாடாகிய நம் பாரதமும் 1960களில் இவ்வுண்மையை உணர்ந்தது. வியட்நாம் போர் பற்றி நாம் கூறிய சொல் கசந்த காலத்தில், அதிபர் ஜான்சன் கோதுமையைச் சிறுகச் சிறுகவே அனுப்பினார். நம் வயலில் விளைச்சல் பெருகிய பின்னரே நம் சொல்லுக்கும் வலிமை பெருகிற்று.

இன்னொன்றையும் கூறாது அமர்தல் முறையன்று. அந்த ரப்பர்ப் பாலை வடித்தோருள் பலர் தமிழர். மூணாற்றிலும் பீர்மேட்டிலும் மலைச்சரிவுகளில் உழைப்போரைப் போன்றவர். 1948இல் இயற்றிய சட்டத்தால் தோட்டத் தமிழர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறீமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என ஒதுக்கிற்று. அவர்களிற் சிலர் நம் மாநிலத்துப் புனலூர்த் தோட்டங்களில் மீண்டும் ரப்பர்ப் பாலே வடித்தனர். வல்லரசின்முன் தலைநிமிர்ந்த நாடு, தன் தோட்டத்து ஏழையைத் தலைநிமிர விடவில்லை.

பெரியோரிடம் நாம் வேண்டும் மதிப்பை நம்மினும் எளியோர்க்கு நாமும் அளிப்போமாக!