வானிலை வேறு, காலநிலை வேறு
(மும்பை உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழந்தைகளும் வந்திருப்பதால் பள்ளிப் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன். இன்று, இந்த இடத்தில், வானம் எப்படி இருக்கிறது என்பது வானிலை. குறைந்தது 30 ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்து, ஓர் ஊரின் வழக்கம் இன்னது என்று சொல்வது காலநிலை. மனிதரின் சுபாவமும் கோபமும் போலத்தான். சாதுவான மனிதருக்கும் ஒரு நாள் கோபம் வரும் அல்லவா?

மும்பையின் சுபாவம் நமக்குத் தெரியும். அரபிக்கடலின் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மழையாகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது காற்று சூடாகி, மழை குறைகிறது. அதனால்தான் மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய, புணேயில் சுமார் 700தான். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மும்பையில் ஜூலை மாத மழை அதிசயமே இல்லை.

அந்த ஞானம்தான் 2005 ஜூலை 26 அன்று என்னை ஏமாற்றியது. மதியம் கோட்டைப் பகுதியில் ஆபீஸில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வழக்கமான மழை. சாந்தாகுரூஸில் காலேஜில் இருந்த என் பெண் போன் செய்தாள். "அப்பா, இங்கே பயங்கரமாக் கொட்டறது. என்ன பண்ணட்டும்?"

"ஜூலையில் மழை பெய்யாமல் என்ன செய்யும்? பஸ் பிடித்து மெதுவாக ஆத்துக்கு வா" என்றேன்.

ரயில்கள் நின்றன. நான் தண்டவாளத்தோரம் நடந்து நள்ளிரவுக்கு மேல் மாதுங்கா சேர்ந்தேன். அவள் வரவில்லை. போனும் செத்துவிட்டது. விடியும்வரை நானும் அவள் அம்மாவும் வாசலிலேயே நின்றோம். மறுநாள் மதியம்தான் வந்தாள். கலீனாவில் பஸ் மூழ்க, மார்பளவுத் தண்ணீரில் இறங்கியவளை, முன்பின் அறியாத ஒரு குடும்பம் மாடிக்கு அழைத்துக்கொண்டு காப்பாற்றியிருக்கிறது.

27 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர், சாந்தாகுரூஸில் 944. இரண்டும் ஒரே நகரம்! ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். அங்கே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 944 லிட்டர் விழுந்தது. நகரின் பழைய வடிகால்களோ மணிக்கு 25 மில்லிமீட்டருக்குக் கட்டப்பட்டவை. கடலிலும் ஏற்றம் இருந்ததால் தண்ணீர் வடிய வழியில்லை.

சராசரி தேவைதான். வீடு கட்டவும் விதை விதைக்கவும் அதுவே துணை. ஆனால் வாசற்படி இறங்குமுன் பார்க்க வேண்டியது அன்றைய வானிலையை. மேலும், காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பூமி சூடாகிவரும் இந்நாளில் பழைய வழக்கத்தை மட்டும் நம்ப முடியாது. வானிலைத் துறை இப்போது மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. தில்லியோ கொல்கத்தாவோ, எந்த ஊரில் இருந்தாலும் தினம் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள்.

இப்போதெல்லாம் என் பெண் போன் செய்தால், என் ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. "அங்கே எப்படி இருக்கும்மா?" என்று முதலில் கேட்கிறேன்.