சிட்டையின் பின்பக்கம்



இந்த நூலக மேடையில் எனக்குத் தந்திருக்கிற தலைப்பு 'பிள்ளைகள் உலகமும் பெற்றோர் உலகமும்'. தலைப்பு தந்தவர் வீட்டில் பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் உண்டு. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இந்த நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் என்ன வழக்கம்? வெள்ளாளர் வீட்டில் சொத்து மகனுக்குப் போகாது, மருமகனுக்குப் போகும். அதாவது சகோதரி மகனுக்கு. நம்ம தேரூர்க் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதி அந்த முறையைச் சிரிக்கச் சிரிக்க அடித்தார். 1926-ல் திருவிதாங்கூர் சர்க்கார் சட்டம் போட்ட பிறகுதான் பிள்ளைக்குப் பங்கு வந்தது. அன்னைக்கு அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் சொத்து இல்லை. இன்னைக்குச் சொத்து இருக்கு, பேச்சு இல்லை! இதுக்கு எந்த சர்க்கார் வந்து சட்டம் போடும்?

இந்தக் கைதட்டலைக் கேட்டால் இன்னொரு பேச்சாளருக்கு வயிறு எரியும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால், நோட்டீசில் போடவில்லையே என்று வருத்தப்படுவார். ஒரு மேடையில் அவர், 'செல்போனைப் பிடுங்கி அடுப்பில் போடுங்கள்' என்று முழங்கினார். எதிரே நின்று ஒரு பையன் அதைப் போனில் வீடியோ எடுக்கான். கீழே இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'எத்தனை பேருலே பாத்திருக்கான்?'

அவர் ஊரில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்தால் போதும், பிள்ளைகள் வயலில் ஸ்டம்பு நட்டுவிடும். இன்னைக்கு அந்த வயலில் ஸ்டம்பு இல்லை, பிளாட் கல். கலர் கொடி வேறு. நட்டது யாரு? நானா? வயலையும் விற்று, குளத்தையும் தூர்த்து, பையன் வீட்டுக்குள்ளேயே போனும் கையுமா கிடக்கான் என்று அழுதால் எப்படி ஐயா? விடுங்க, பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

நான் சொல்ல வந்தது தோவாளைப் பூச்சந்தையில் ஒரு அண்ணனைப் பற்றி. விடியுமுன்னே சாக்கை விரித்துப் பிச்சியையும் கேந்தியையும் கொட்டி உட்கார்ந்திருப்பார். மகள் பிளஸ் ஒன். வீட்டுச் சுவரில் ஏழு கொரியாக்காரப் பையன்மார் படம். பி.டி.எஸ். என்கிற பாட்டுக் குழுவாம். அண்ணன் ஏசிப் பார்த்தார், படத்தைக் கிழித்தும் பார்த்தார். மறுநாள் புதுப் படம் ஒட்டியிருக்கு, முந்தினதைவிடப் பெரிசு! ஒருநாள் பையக் கேட்டிருக்கார்: "மக்களே, இதுல உனக்குப் பிடிச்சவன் ஆரு?" பிள்ளை பதில் சொல்லவே இல்லை. அப்பா உளவு பார்க்கிறார் என்று நினைச்சிருக்கு. பிறகு மெல்ல வாயைத் திறந்தது. இவர் விலை எழுதுகிற சிட்டையின் பின்பக்கத்தில் பெயரெல்லாம் எழுதி வைத்துப் படித்தார். என்னிடம் பூ விலை சொல்கிற அதே ராகத்தில் ஒப்பித்தார்: ஆர்.எம்., ஜின், சுகா, ஜே-ஹோப், ஜிமின், வி, ஜங்குக்!

பாருங்க, மைக் செட் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற தம்பி விசிலடிக்கான். இவ்வளவு நேரம் கவிமணியைச் சொன்னேன், அவன் நிமிரவே இல்லை!

அண்ணன் சொன்னார், "அந்த ஊர்ல ஆம்பிளைப் பிள்ளைகளுக்குப் பட்டாள சேவை கட்டாயமாம். பாட்டுக்காரனும் போகணுமாம். எங்க அண்ணன் பட்டாளத்துக்குப் போனப்ப எங்க அம்மை அழுத மாதிரி எம்மக அழுதிருக்கா. நாங்க ஒரே வீட்டுலதான் இருக்கோம், எனக்குத் தெரியல." பாட்டு பிடிச்சுதா என்று கேட்டேன். "சத்தியமா இல்ல. அவகிட்டயே சொல்லிட்டேன். அவளுக்கு எனக்க டி.எம்.எஸ். பாட்டு பிடிக்காது. கணக்கு சரியாப் போச்சு."

பூக்கார அண்ணனுக்கு முன்னாலேயே இப்படி ஒரு அப்பன் நம்ம பக்கத்தில் இருந்தார். இதோ பழையாற்றங்கரை ஒழுகினசேரி. 1908-ல் அங்கே ஒரு பையன் பிறந்தான். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தான், டென்னிஸ் ஆடுகிற துரைமாருக்குப் பந்து பொறுக்கினான், நாடகக் கொட்டகையில் சோடா விற்றான். விற்கப் போனவனுக்கு மேடை மேல் கண். 'கூத்தாடிக்குப் பொண்ணு கொடுக்க மாட்டோம்' என்று சொன்ன காலம் அது. அப்பா சுடலைமுத்துப் பிள்ளை என்ன செய்தார்? நாலு அறை கொடுத்து மளிகைக் கடைக்கே திருப்பி அனுப்பினாரா? கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். அந்தப் பையன்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்! மகனுக்கு நாகர்கோவிலில் சிலை வைத்தோம். சரி. அந்த அப்பன் பெயரை எந்த மேடையில் சொன்னோம்?

'எல்லாப் பிள்ளையும் கலைவாணர் ஆகிருமா' என்று ஒருத்தர் முணுமுணுக்கிறார். ஆக வேண்டாம் ஐயா! பூக்கார அண்ணன் மகள் கொரியாவுக்குப் போய்ப் பாடப் போகிறதா? இல்லை. ராத்திரி பூக் கட்டுகையில் பக்கத்தில் வந்து உட்காருது. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லுது. டீச்சர் ஏசினதைக்கூடச் சொல்லுது. உங்க வீட்டில் சொல்லுதா?

கடைசியா ஒரு சண்டை போட்டுவிட்டுப் போகிறேன். இந்த மேடையில் நாங்கள் ஆறு பேர், ஆறும் நரைச்ச தலை, ரெண்டு தலையில் மை. பேசுகிற விஷயமோ பிள்ளைகள். ஒரு பிள்ளைக்காவது நாற்காலி போட்டீர்களா? தலைவர் மணியடிக்கப் பார்க்கிறார். அடிக்க வேண்டாம், எனக்கு இன்னும் நாலு நிமிஷம் பாக்கி. அதை நான் அந்த மைக் செட் தம்பிக்குத் தாறேன். அந்த ஏழு பேரில் உனக்கு ஆரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும், நீயே சொல்லு. சிரிக்காதீங்க, அவன் வெட்கப்படுகான். ஏறி வா மக்களே!