களையென்று வெட்டிய செடி

(கெடா மாநிலம் கூலிம் வட்டாரத் தோட்டமொன்றின் மண்டபத்தில் ஆற்றிய உரை)



வீட்டு வாசலில் பூச்செடி வளர்ப்பதைப் பற்றிப் பேசுமாறு எங்களை அழைத்திருக்கின்றீர்கள். ரோஜாவைப் பற்றியோ மல்லிகையைப் பற்றியோ ஏதேனும் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்திருப்பதோ, உங்களுள் பலர் கூலி வாங்கிக்கொண்டு வெட்டி எறிந்த ஒரு செடியைப் பற்றி. மலாய் மொழியில் செண்டுடுக் எனப்படும் அச்செடியை அறியாதவர் இம்மண்டபத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். ரப்பர் நிரைகளுக்கிடையிலும், கால்வாய்க் கரையிலும், மண் வெட்டிய சரிவுகளிலும் ஊதா நிறப் பூவோடு நிற்கும் புதர்தான் அது. புல்வெட்டுக் கத்திக்கும் மருந்துத் தெளிப்புக்கும் முதலில் இரையாவதும் அதுவே. அதனை வாசலில் கொண்டுவந்து வையுங்கள் என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்து முடித்தபின் காரணத்தைக் கேளுங்கள்.

கெடாவில் வாழ்வோருக்குத் தை, மாசி மாதங்களைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆண்டிறுதியில் மழை விடைபெற்றால் பங்குனி முடிய வானம் பெரும்பாலும் வெளுத்தே கிடக்கிறது. ரப்பர் மரம் இலையை உதிர்க்கிறது, பால் குறைகிறது, பாலோடு வருமானமும் குறைகிறது. நமக்கு அண்டையிலுள்ள பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் அதுவே. இத்தகைய நாள்களில் குழாயில் நீர் நூலாக வடியும்போது, குடிக்கவும் சமைக்கவும் துவைக்கவும் போக ரோஜாவுக்கு ஊற்ற என்ன மிஞ்சும்? விடியுமுன் பால் வெட்டச் சென்று, நண்பகலில் திரும்பிய தாய்தானே அந்த வாளியையும் தூக்க வேண்டியிருக்கிறது! "மாசி வந்தால் எல்லாம் கருகிப் போகும், பிறகு எதற்கு ஐயா பூச்செடி?" என்று லயத்தில் ஓர் அம்மையார் எங்களைக் கேட்டார். அவருக்கு விடை சொல்லவே இவ்வுரையை அமைத்துக்கொண்டோம்.

அதே மாசி மாதத்தில் சுங்கைப்பட்டாணியிலிருந்து பாலிங் செல்லும் சாலையில் ஒருமுறை பார்வையைச் செலுத்துங்கள். சாலைக்காக வெட்டப்பட்ட செம்மண் சரிவில், யாரும் நீர் ஊற்றாத இடத்தில், செண்டுடுக் பசுமை மாறாமல் நிற்கும். நட்டவரும் இல்லை, உரமிட்டவரும் இல்லை. தோட்டங்களின் மண் பெரும்பாலும் புளிப்பு மண், அதாவது அமிலத் தன்மையுள்ள மண். இத்தகைய மண்ணில் கரைந்து வரும் அலுமினியம் பல செடிகளின் வேரைக் கெடுத்துவிடும். செண்டுடுக்கோ அந்த அலுமினியத்தை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு செழிக்கிறது. பிற செடிகள் மறுக்கும் மண்ணே அதற்கு ஏற்ற மண்ணாகிறது.

இதன் அறிவியல் பெயர் மேலாஸ்டோமா மலபாத்ரிக்கம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இட்ட பெயர் அது. மேலாஸ்டோமா என்பதற்குக் கிரேக்க மொழியில் 'கரிய வாய்' என்று பொருள். காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. பழுத்து வெடித்த பழத்தைத் தின்றுவிட்டு, தாயார் கேட்கும்போது "நான் தின்னவில்லை" என்று நாக்கை நீட்டி அகப்பட்டுக்கொண்ட பிள்ளைகள் இந்தத் தோட்டத்திலும் இருந்திருப்பார்கள். இப்போது தலை நரைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிலர் முகத்திலும் அந்தச் சிரிப்பைக் காண்கிறோம்.

தென்னிந்தியா, இலங்கை தொடங்கி மலாயாத் தீபகற்பம் வழியாக ஆஸ்திரேலியா வரை இச்செடி இயல்பாக வளர்கிறது. நம் முன்னோர் விட்டு வந்த மண்ணுக்கும், வந்து சேர்ந்த மண்ணுக்கும் இது சொந்தம். ஆனால் நாம் உயிர்போல் காத்த ரப்பரோ தென்னமெரிக்க மரம். அதன் கன்றுகள் 1877ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூருக்கும், அங்கிருந்து கோலக்கங்சாருக்கும் வந்து சேர்ந்தன. வாசல்தோறும் நாம் வைக்கும் காகிதப்பூவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. 1960ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய மலராக ஏற்றுக்கொள்ளப்பட்ட செம்பருத்தியும் இம்மண்ணில் தோன்றியதன்று. வந்தவற்றைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. நாமும் வந்தவர்கள் வழியினரே. எனினும் இம்மண்ணிலேயே பிறந்த ஒன்றைக் 'களை' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டோமே என்று எண்ணிப் பார்க்கின்றோம்.

களை என்பது செடியின் குணத்தைக் குறிக்கும் பெயரன்று. அது நிற்கும் இடத்தைக் குறிக்கும் பெயர். ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். ரப்பர் நிரைக்குள்ளும், செம்பனைக் கன்றுகளுக்கு அருகிலும் இச்செடி வேண்டா. அங்கே அது உரத்துக்கும் நீருக்கும் போட்டியிடும். நிர்வாகம் அதை வெட்டச் சொல்வதில் தவறில்லை. வெளிநாட்டிலும் இதே கதைதான். இது இயல்பாக வளராத அமெரிக்காவில் இதனைத் தீய களையென்று அறிவித்திருக்கின்றார்கள். நாம் விரும்புவது லயத்து வாசல், பாலர் பள்ளி வேலி, கோயில் மதிலோரம் ஆகிய இடங்களை மட்டுமே.

இனி வளர்க்கும் முறையைக் காண்போம். எல்லாவற்றிற்கும் முன்னதாகச் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். இலையில் காம்பு முதல் நுனி வரை நீளவாக்கில் ஓடும் நரம்புகள் மூன்று முதல் ஐந்து வரை இருக்கும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். பூவிதழ் பெரும்பாலும் ஐந்து. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு செடி உண்டு. மலாய்க்காரர் அதனைச் செண்டுடுக் பூலு என்பர். இலை முழுதும் மயிர், சிறிய வெள்ளைப் பூ, மயிரடர்ந்த சிறு பழம் ஆகியவை அதன் அடையாளங்கள். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்து காடுகளில் பரவிவரும் செடி; அதை நடவே கூடாது. செண்டுடுக்கிலும் வெள்ளைப் பூப் பூக்கும் வகை உண்டு. ஆனால் அதன் பூ பெரியது; பார்த்தவுடன் வேற்றுமை புலப்படும்.

புதராய் வளர்ந்த பெரிய செடியைப் பிடுங்கி வந்து நட்டால் பிழைப்பது அரிது. முழங்காலுக்குக் குறைவான உயரமுள்ள கன்றை, மழை பெய்த மறுநாள், வேரைச் சுற்றிய மண்ணோடு பெயர்த்தெடுக்க வேண்டும். தோட்ட நிலமாயின் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது முறை. காட்டு ஒதுக்கிடங்களில் கை வைக்கக் கூடாது. அண்மையில் களைக்கொல்லி தெளித்த இடத்துச் செடியையும் தொட வேண்டா. பாராகுவாட் என்னும் கொடிய மருந்துக்கு நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை வந்துவிட்டது. அதனால் மற்ற மருந்துகள் தீங்கற்றவை ஆகிவிடவில்லை.

விதை போட விரும்புவோர் வெடித்த பழத்தைப் பிசைந்து விதையைக் கழுவி எடுக்கலாம். விதை தூளைப் போன்று மிகச் சிறியது. அதை மண்ணால் மூடிவிடாமல் ஈர மண்ணின் மேல் தூவினால் போதும். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். குச்சி நடுவதானால் அரை முற்றலான கிளையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, நிழலில் வைக்க வேண்டும். அவசரப்பட்டு வேர் விட்டதா என்று நாள்தோறும் இழுத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டொழிக்க வேண்டும்.

சித்திரை மழை தொடங்கும் காலமும், புரட்டாசியை ஒட்டிய மழைக்காலமும் நடுவதற்கு ஏற்றவை. தையில் நட்டுவிட்டு, 'வறட்சியைத் தாங்கும் என்றார்களே, செத்துவிட்டதே' என்று எங்கள் மேல் பழி போடாதீர்கள். எந்தச் செடியும் வேரூன்றிய பின்பே வறட்சியைத் தாங்கும். முதலாண்டு வெயிற்காலத்தில் வாரம் இருமுறை ஒரு குவளை நீர் தேவை. அடுத்த ஆண்டு முதல் இலை துவண்டால் மட்டும் ஊற்றினால் போதும். அரிசி கழுவிய நீரே இதற்குப் போதுமானது. சவர்க்கார நீர் வேண்டா. இடம் நன்றாக வெயில் படுவதாக இருக்கட்டும். நிழலில் செடி வளரும், பூ குறையும்.

இவ்விடத்தில் எங்கள் தவறொன்றையும் ஒப்புக்கொள்கிறோம். முதன்முதல் வளர்த்தபோது, அடுப்புச் சாம்பல் நல்ல உரமாயிற்றே என்று வாரந்தோறும் ஒரு கைப்பிடி போட்டு வந்தோம். கத்தரிக்கு நல்லதென்றால் இதற்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்பது எங்கள் கணக்கு. இலைகள் வெளிறின; நரம்பு மட்டும் பச்சையாக நின்றது; இரண்டு செடிகள் போய்விட்டன. சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணின் புளிப்பைப் போக்கிவிடும் என்பதும், இச்செடிக்கு அந்தப் புளிப்பே தேவை என்பதும் பிறகே விளங்கின. இன்று எங்கள் செடிகளுக்கு ரப்பர் சருகைத் தவிர வேறொன்றும் போடுவதில்லை. வேரின் ஈரம் காயாமல் மூடாக்குத் தேவைப்படும் அதே மாதங்களில் ரப்பர் மரம் இலையைக் கொட்டுகிறது! நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகைப் பரப்பி, தண்டை ஒட்டாமல் சற்று விலக்கி விட்டால் போதும்.

செடி இரண்டு ஆள் உயரம்கூடப் போகும், அடியில் மொட்டையாகிவிடும். ஆண்டுக்கொரு முறை, சித்திரை மழை வந்தவுடன், மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். பால்வெட்டுக் கத்தியால் வெட்டாதீர்கள். அதன் கூர் வேறு வேலைக்குரியது.

பூவைப் பற்றி மிகைப்படுத்திக் கூறமாட்டோம். காலையில் மலர்ந்த பூ ஒரு நாளிலேயே உதிர்ந்துவிடும். தொடுக்கவும் ஆகாது, கூந்தலில் நிற்கவும் நிற்காது. ஆனால் இன்று உதிர்ந்த இடத்துக்கு அருகில் நாளை இன்னொன்று மலரும். பூவின் நடுவே மஞ்சள் நிறத்திலும் ஊதா நிறத்திலும் இருவகை மகரந்தத் தாள்கள் இருக்கும். மரச்சட்டங்களில் துளையிட்டு வாழும் கரிய பெரிய வண்டு அதன்மேல் அமர்ந்து உடலை அதிர்த்து ரீங்கரிக்கும். அந்த அதிர்விலேயே மகரந்தம் சிறு துளை வழியே கொட்டும். காலை எட்டு மணியளவில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். பழம் பழுத்தால் பறவைகளும் வரும். இலையை வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் வழக்கம் மலாய் நாட்டு மருத்துவத்தில் உண்டு. ஆயினும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

இதனினும் பொறுமையுள்ளவர்களுக்குக் கெமுந்திங் என்னும் செடியைச் சொல்வோம். பேராக்கிலுள்ள கமுந்திங் என்ற ஊருக்குப் பெயர் தந்தது அதுவே. நீலகிரியில் நம்மவர் அதனைத் தவிட்டுப்பழம் என்பர். கடலோர மணலிலும் வளரக்கூடியது, இளஞ்சிவப்பாய்ப் பூத்து நாளாக ஆக வெளுக்கும், பழம் இனிக்கும். மெல்ல வளர்வதொன்றே அதன் குறை.

தோட்டம் விற்கப்பட்டு, சுங்கைப்பட்டாணியின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த உறவினர் உங்களுக்கு இருப்பார்கள். அவர்களும் செண்டுடுக்கை வளர்க்கலாம். ஓரடி அகலமுள்ள தொட்டி, அடியில் துளை, வெயில் படும் மாடம் ஆகியவை இருந்தால் போதும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடக் கூடாது. ஏடிஸ் கொசு உற்பத்தியானால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுக்காரரே தண்டம் கட்ட நேரும். தொட்டிச் செடிக்கு நீர் சற்று அதிகம் தேவைப்படும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

மண்டபத்து வாசலில் பன்னிரண்டு கன்றுகளைக் கொண்டுவந்து வைத்திருக்கின்றோம். வெயிற்காலத்தில் நீர் சுமக்கும் வீட்டார் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். நடும்போது பாலித்தீன் பையைக் கிழித்துவிட்டு நடுங்கள். சென்ற முறை இரண்டு பேர் பையோடு நட்டுவிட்டார்கள்.